அண்ணனின் லாக்டேட்

ஐஸ் இல்லாமல் வருகிற ரத்தத்தை நான் வாங்க மாட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இது எல்லாருக்கும் தெரியும். வார்டு நர்ஸுகள் எனக்குப் பின்னால் 'ஐஸ்காரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரை, உப்பு, யூரியா என்றால் சாம்பிள் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவிடுவேன். லாக்டேட் என்றால் அந்தப் பேச்சே கிடையாது.

ரத்தம் உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் சும்மா இருக்காது. குழாய்க்குள் இருக்கும்போதே அதிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைப் பண்ணிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட தனிக் குழாய், அதற்குள் மருந்து, சுற்றிலும் ஐஸ். மாடியிலிருந்து சாம்பிளைக் கொண்டுவருகிற ஆள் வழியில் நின்று போனில் பேசிவிட்டு வந்தால் போச்சு, எண் தானாக ஏறிவிடும். நல்லாயிருக்கிற ஆளைச் சாகக் கிடக்கிறவனாகக் காட்டும். அப்புறம் ஊசி குத்தும்போது கையை இறுக்கி மூடித் திறக்கிற பழக்கம். யார் கற்றுக்கொடுத்தார்களோ, காஞ்சிபுரத்தில் ஒரு ஆள் பாக்கியில்லை. கையை நீட்டச் சொன்னாலே மாவு பிசைகிற மாதிரி பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். அதிலும் ஏறும். "கைய லூஸா வுடுமா, உன்ன யாரும் குஸ்திக்குக் கூப்பிடல" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்துகிறேனோ, எனக்கே கணக்கில்லை.

ஐஸுக்காக நான் போட்ட சண்டையைத் தனியாக எழுதலாம். லேப் பிரிட்ஜில் நான் உறையவைக்கிற ஐஸை கேண்டீன்காரர் எலுமிச்சை ஜூஸுக்கு எடுத்துக்கொண்டு போவார். ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் அது என்று ஒருநாள் வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அன்று கேண்டீனில் ஜூஸ் விற்கவில்லை. அதற்கப்புறம் அவர் என் பிரிட்ஜ் பக்கம் வந்ததில்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்றால், அந்த எண் அப்படிப்பட்டது. உடம்பின் ஏதோ ஒரு மூலைக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை, அங்கே தசையும் குடலும் மூச்சுமுட்டுகிறது என்றால் லாக்டேட் ஏறும். இரண்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நாலைத் தாண்டினால் டாக்டர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். அதற்கும் மேலே போய், மருந்து கொடுத்தும் இறங்காமல் நின்றால், பெரும்பாலும் ஆள் தேறுவதில்லை. சொந்தக்காரர்கள் வராண்டாவில் டீ குடித்துக்கொண்டு ஊருக்கு எந்த பஸ்ஸில் திரும்பலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு உள்ளே தெரிந்திருக்கும். அந்த வராண்டாவைத் தாண்டிச் சாப்பிடப் போவதற்கு எனக்கு உடம்பு கூசும்.

போன வைகாசியில் அப்படி ஐஸில் வைத்து வந்த ஒரு குழாயில் என் அண்ணனின் ரத்தம் இருந்தது. காலை எடுத்தால் உயிர் நிற்கும், எடுக்காவிட்டால் நிற்காது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அண்ணன் எடுக்கவே கூடாது என்றார்.

அண்ணனுக்குச் செவிலிமேட்டில் டூவீலர் ரிப்பேர் கடை. அது சோற்றுக்கு. மற்றபடி அவர் பெருமாளைத் தூக்குகிறவர். உற்சவத்தில் வாகனத்தின் தண்டைத் தோளில் வாங்கிச் சுமக்கிற ஸ்ரீபாதம்தாங்கிகளில் அப்பாவுக்குப் பின் அண்ணன் நின்றார். உயரத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொருவருக்கும் தண்டில் ஒரு இடம் உண்டு. அண்ணனுக்கு முன் வரிசையில், வலது பக்கம். வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்த்துப்போயிருக்கும். சட்டை தைக்கப் போனால் டெய்லர் அதைத் தனியாக அளந்துகொள்வார்.

சர்க்கரை வியாதி வந்து வெகுகாலம் ஆகிறது. மாத்திரை போடுவார், நிறுத்துவார், மறுபடி போடுவார். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். பார்த்துக்கொண்டால் முதலில் "சுகர் எவ்ளோ?" என்பார்கள், அப்புறம்தான் "சாப்டியா?" என்பார்கள். எண் இறங்கினால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு ஜிலேபி.

இரண்டு மூன்று வருஷமாக வைகாசி வெயிலில் தார் ரோட்டில் மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதிப்பார்கள். சாக்கு நனைத்துப் போட்டாலும் தாங்காது. அண்ணன் மட்டும் கல்லு மாதிரி நடப்பார். "எனக்குச் சுடவே இல்லபா" என்பார். கூட இருக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அவன பெருமாளே தூக்கிக்கினு போறாரு" என்றார்கள். ஊரே நம்பியது. அண்ணனும் நம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அருளும் இல்ல, ஒண்ணியும் இல்ல. சர்க்கரையில கால் நரம்பு செத்துப்போச்சுண்ணா. நாளைக்கு ஆணி குத்தினாகூட உனக்குத் தெரியாது" என்று அவர் கடையிலேயே நின்று கத்தினேன். சிரித்தார். "நீ லேபுல ரத்தம் மட்டும் பாரு. பெருமாள நான் பாத்துக்கறேன்" என்றார்.

போன வருஷ உற்சவத்தில் அவருடைய வலது உள்ளங்கால் வெந்து கொப்புளமாகிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மீதி நாளுக்குத் தண்டில் இடம் கிடைக்காது. துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினார். அண்ணி கண்டுபிடித்தது நாற்றத்தை வைத்துத்தான். அதற்குள் காய்ச்சல் வந்து, பேச்சு குழறி, ஆட்டோவில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டாள். கால் கணுக்கால் வரை கறுத்து, மேலே பளபளவென்று வீங்கியிருந்தது.

அவருக்கு ரத்தம் எடுக்க நானே போனேன். வேறு யாரையும் நம்பவில்லை. கையைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில் விரல்களை இறுக்கி மூடினார். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். உள்ளங்கை காய்ச்சலில் கொதித்தது. "வலிக்குதாண்ணா?" என்றேன். "கால் வலிக்கலியே, கைதான் நீ குத்தினது வலிக்குது" என்று குழறினார். இந்த நிலையிலும் கிண்டல்.

ஐஸோடு நானே கீழே ஓடினேன். மெஷினில் வைத்துவிட்டு எதிரில் நின்றேன். ஏழைத் தாண்டி வந்தது. ஏதாவது தப்பு நடந்திருக்குமா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். குழாய் சரி, ஐஸ் சரி, கை இறுக்கவில்லை, தாமதமில்லை. எப்போதும் தப்பு தேடி மற்றவர்களைத் திட்டுகிற எனக்கு, அன்றைக்கு ஒரு தப்பாவது கிடைக்காதா என்று இருந்தது. மறுபடி ஓட்டினேன். அதேதான். போனில் டாக்டருக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

உடனே சலைன் ஏற்றினார்கள், பெரிய ஆன்டிபயாடிக்குகளை ஆரம்பித்தார்கள். சர்ஜன் வந்து காலைப் பார்த்தார். தோலை அழுத்தினால் உள்ளே நறநறவென்றது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இன்றைக்கே, என்றார். அண்ணனுக்கு அப்போது நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது. தலையை ஆட்டிவிட்டார். "கால் இல்லாம எந்தத் தோள்ல இன்னாத்த தூக்கறது? அப்படியே வுட்டுடு டாக்டர். மருந்து போடு, போதும்."

மத்தியானம் அடுத்த சாம்பிள் எடுத்தோம். நாலரைக்கு இறங்கியிருந்தது. டியூட்டி நர்ஸ் வாய் சும்மா இருக்காமல் அண்ணியிடம் சொல்லிவிட்டாள். அண்ணிக்கு என் வயதுதான், மனசில் ஒன்றும் தங்காது. நேராகப் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். நான் மாடிக்குப் போவதற்குள் வார்டில் கல்யாண வீட்டுக் களை. அண்ணனோடு தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் தலைமாட்டுப் பக்கம். கால்மாட்டில் ஒருவரும் இல்லை.

"ஏழு இருந்தது நாலு ஆயிடுச்சாமே! ராத்திரிக்குள்ள ஒண்ணுக்கு வந்துடும்பா" என்றார் அவர்களில் பெரியவர்.

"எறங்கிக்கினே இருக்குது. இப்ப போய் எவனாவது கால வெட்டுவானா?" என்றார் இன்னொருவர்.

எனக்கு வந்த கோபத்தில் யார் வயசில் பெரியவர் என்று பார்க்கவில்லை. "எவ சொன்னது உங்களுக்கு? இது இன்னா சுகரா, எறங்கினா ஜிலேபி தின்றதுக்கு?" என்றேன். "பால் பொங்கும்போது தண்ணி தெளிச்சா அடங்கும். அடுப்பு எரிஞ்சிக்கினுதான் இருக்கும். சலைன் போட்டாங்க, ரத்தம் ஓடுது, நம்பர் எறங்குது. அழுகினது கால்ல அப்படியே இருக்குது. அது மறுபடி பொங்கறப்போ அள்ளக்கூட நேரம் இருக்காது."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் மட்டும் என்னைப் பார்த்து, "நீதானே சொல்லுவ, மெஷின் பொய் சொல்லாதுன்னு?" என்றார்.

நான்தான் சொல்லுவேன். ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழே வந்து நர்ஸைப் பிடித்தேன். இனி என் அண்ணனின் ரிசல்ட் எதுவும் என் வாயிலிருந்தும் டாக்டர் வாயிலிருந்தும் தவிர வேறு வாயிலிருந்து வந்தால் நடப்பதே வேறு என்றேன். பயந்துபோனாள். சாயங்காலத்துக்குள் மூன்றாவது சாம்பிள் வந்தது. இறங்கியிருந்தது. மூன்றுதான். மற்ற யாருக்காவது இப்படி வந்திருந்தால் சந்தோஷமாக மேலே போன் போட்டிருப்பேன். அண்ணனுடைய மூன்றை டாக்டருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது என்றார். "நம்பர் நல்லாத்தான் இருக்குமா. ஆனா கால பாருங்க. நாளைக்கு வரைக்கும் விட்டா தொடையோட எடுக்க வேண்டியிருக்கும். இல்லன்னா அதுக்கும் தேவை இருக்காது. நீங்க பேசுங்க, உங்க பேச்சைத்தான் கேப்பாரு." அண்ணி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிடுச்சுன்னு சொல்லேன். பத்துன்னு சொல்லு, பன்னெண்டுன்னு சொல்லு. ஒரு பொய்தானே, உன் அண்ணனுக்காகச் சொல்ல மாட்டியா?"

"மத்தியானம் வாயை மூடிக்கினு இருந்திருந்தா இப்ப பொய்யே தேவையில்ல அண்ணி" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாடிப்படியில் ஏறும்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். பத்து என்று சொல்லிவிடுவது. வாழ்நாளில் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. இந்த ஒன்றைச் சொன்னால் குடி முழுகிவிடாது. அண்ணன் உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்.

வார்டில் அவர் மட்டும் இருந்தார். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் இன்னும் கட்டில்மேல் இருந்தது. நான் போய் நின்றதுமே, "இப்ப எவ்ளோ?" என்றார்.

"நம்பர வுடுண்ணா. கால பாரு."

"காலத்தான் பாத்துக்கினே இருக்கறேன். எல்லாரும் என்கிட்ட ஒவ்வொண்ணு சொல்றாங்க. டாக்டர் பயமுறுத்தறான். இவனுங்க ஒண்ணியும் ஆவாதுங்கறானுங்க. உன் அண்ணி அழுவறா. எனக்கு நம்பரு வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சும்மா சொல்லாத. என் தலைமேல கை வச்சு சொல்லு."

எங்கள் வீட்டில் யாரும் சும்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டோம். பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலை உருளும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நான் படித்தது வேதியியல். ரத்தத்தில் எது ஏறினால் ஆள் சாவான் என்று எனக்குத் தெரியும். அதில் சத்தியம் ஏறுவதில்லை என்றும் தெரியும். ஆனால் அது என் அண்ணன் தலை. வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கையைத் தூக்கினேன். பத்து என்று சொன்னால் அந்தத் தலைமேல் பொய். மூன்று என்று சொன்னால் அது உண்மை, அவர் கையெழுத்துப் போட மாட்டார், நாளைக்குச் செத்துப்போவார். கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறிடுச்சா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்று தலையாட்டக்கூட இல்லை. அவர் கண்ணை மூடினார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க வேண்டும் என்று தோன்றியது. தலையைத் தொடப் பயமாக இருந்தது.

"சரி. டாக்டர வரச் சொல்லு. எங்க கையெழுத்து போடணுமோ போடறேன்."

இருட்டுவதற்கு முன்னால் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சீழ் தசைநாரோடு கெண்டைக்கால் வரை ஏறியிருந்ததாக சர்ஜன் வெளியே வந்து சொன்னார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்றார். அடுத்தடுத்த சாம்பிள்களில் எண் இரண்டுக்குள் வந்து நின்றுவிட்டது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். அண்ணி கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டு, எனக்கும் பிரசாதம் கொண்டுவந்தாள்.

கடையை அண்ணனின் மச்சான் பார்த்துக்கொண்டார். தூக்குகிற ஆட்கள் முதலில் அடிக்கடி வந்தார்கள். அப்புறம் எப்போதாவது வந்தார்கள். தண்டில் வலது பக்கத்துக்கு வேறு ஆளை நிறுத்தினார்கள். அந்த இடம் காலியாகக் கிடக்க முடியாது, வாகனம் சாய்ந்துவிடும். அதை அண்ணனிடம் வந்து சொன்னவரிடம், "உயரம் சரியா இருக்குதா பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

கட்டைக்கால் வைத்துத் தாங்குகோல் இரண்டோடு நடக்கப் பழகினார். சர்க்கரையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார், மாதம் தவறாமல் ரத்தம் கொடுக்கிறார் என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள். எங்கே கொடுக்கிறார் என்று கேட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் மாடியில் இருக்கிற ஒரு லேபில் என்றாள். அந்த மாடிப்படியை எனக்குத் தெரியும். இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணன் வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருத்தி லேபுல இருக்கும்போது அங்க இன்னா வேலை உனக்கு? வுழுந்து தொலைச்சா யாரு தூக்கறது? ஒரு போன் பண்ணா நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கினு போ மாட்டேனா? என் மெஷின்ல இன்னா குறைய கண்டுட்ட?"

நான் சொல்லி முடிக்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் துணியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி சாயங்காலம் எவ்ளோ இருந்துச்சு?"

அண்ணி ஏதோ ஒரு பேச்சில் உளறியிருக்கிறாள் என்று புரிந்தது. இப்போது தலையில் கை வைக்கச் சொல்லவில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"மூணு" என்றேன்.

"எறங்கியிருந்துச்சு."

"எறங்கித்தான் இருந்துச்சு. அது சலைன்னால எறங்கினது. உன் கால் உள்ள எப்படி இருந்துச்சுன்னு டாக்டர கேளு. அன்னிக்கி மூணுன்னு சொல்லியிருந்தா நீ கையெழுத்து போட்டிருக்க மாட்ட. மறுநாளு செத்துருப்பண்ணா."

"ஆமா, செத்துருப்பேன்" என்றார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "டாக்டர் சொன்னாரு, எனக்கும் புரியுது. ஆனா நான் உன்கிட்ட உசுரயா கேட்டேன்? நம்பருதானே கேட்டேன்."

அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அண்ணன் மறுபடி துணியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதமும் அந்த மாடி ஏறித்தான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.